பெயர் எழுதாத அறைகள்: புறக்கோட்டை ஒல்லாந்தர் மாளிகை, ஒரு நிகழ்வு ஆய்வு

கொட்டாஞ்சேனையில் என் பெரியம்மா ஒருவருக்குப் பழைய வீடு ஒன்று இருக்கிறது. முன்னால் விறாந்தை, நடுவில் கூடம், இரண்டு பக்கமும் அறைகள், பின்னால் முற்றம், கிணறு. பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில். வீட்டை ஒரு டியூட்டரிக்கு, அதாவது தனியார் வகுப்பு நடத்தும் இடத்துக்கு, வாடகைக்கு விடலாம் என்று பேச்சு வந்தது. பார்க்க வந்த மனிதர் முற்றம் வரை நடந்து போய்த் திரும்பி வந்து சொன்னார்: "இடிச்சிட்டு மூண்டு மாடி எழுப்பினாத்தான் கட்டுப்படியாகும்." பெரியம்மா அன்றிரவே எனக்கு அழைப்பு எடுத்தார். "நீ பிளான் கீறுற ஆள்தானே தம்பி. இடிக்காமல் ஒண்டும் செய்ய ஏலாதா?"

பதில் சொல்லுமுன் வேறொரு வீட்டைப் போய்ப் பார்த்தேன். புறக்கோட்டை, பிரின்ஸ் வீதி, 95ஆம் இலக்கம். இன்று அது ஒல்லாந்தர் கால நூதனசாலை. ஆளுநர் மாளிகையாகக் கட்டப்பட்டு, பின்பு பள்ளி, மருத்துவமனை, ஆயுதக் கிடங்கு, பொலிஸ் பயிற்சி நிலையம், தபால் கந்தோர் என்று வேடம் மாற்றிக்கொண்டே வந்த வீடு. டியூட்டரியாகவும் இருந்தது என்றே சொல்லலாம், அதைப் பிறகு சொல்கிறேன். இத்தனை வேலைக்கும் ஒரே தளவமைப்பு எப்படித் தாக்குப்பிடித்தது என்பதுதான் என் கேள்வி.

தனியாகப் போகவில்லை. பெரியம்மா வீட்டுக்கு முப்பது வருடமாகப் பூச்சு வேலை பார்க்கும் மேசன் பாஸையும் கூட்டிப்போனேன். "பாஸ்" என்ற சொல்லே ஒல்லாந்தரின் 'பாஸ்', அதாவது தலைமை வேலைக்காரர். அவரிடம் சொன்னபோது சிரித்தார்: "அப்ப நான் எண்ட சொந்த ஊருக்குத்தான் போறன்."

வீடு இருக்கும் இடம்

பொருத்தமில்லாத இடத்தில் நிற்கும் வீடு இது. சுற்றிலும் மொத்த வியாபாரம். நாட்டாமிமார் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு "வழி, வழி" என்று கத்துகிறார்கள், கடைப் பெட்டிகள் நடைபாதை முழுதும் நிற்கின்றன. அதற்கிடையில் திடீரென்று உயரமான, தடித்த தூண்களோடு ஒரு நீண்ட முகப்பு. முதல்முறை வருபவர் கோவிலா அரசாங்கக் கச்சேரியா என்று ஒரு கணம் குழம்புவார்.

ஆனால் அந்தக் காலத்தில் இது குடியிருப்புத் தெரு. 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தர், கோட்டைக்கு உள்ளே தங்கள் கிழக்கிந்தியக் கம்பனியின் அலுவல்களையும் வெளியே கிழக்குப் பக்கம் பழைய நகரத்தையும் வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலேயர் அந்த வெளிப்பகுதிக்கு வைத்த 'பெட்டா' என்ற பெயர் நம்முடைய 'பேட்டை'தான். சிங்களத்தில் பிட்ட கொட்டுவ, தமிழில் புறக்கோட்டை, இரண்டுக்கும் ஒரே பொருள். கெய்சர் வீதி, பிரின்ஸ் வீதி, முதலை என்ற ஒல்லாந்தச் சொல்லைச் சுமந்த கேமன்ஸ் கேட், எல்லாம் அந்தக் காலத்து மிச்சங்கள். மரங்கள் நிழல் தர, மாலையில் வீட்டுக்காரர்கள் விறாந்தையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்த வட்டாரம். அந்த உட்காரும் பழக்கம்தான் இந்த வீட்டின் முகப்பை உண்டாக்கியது.

கட்டியவர் தோமஸ் வான் ரே, 1690களில் ஆளுநராக இருந்தவர். நூதனசாலை சொல்லும் வரலாற்றின்படி, 1696 முதல் இங்கே கொழும்பு செமினரி நடந்தது. ஊர்ப் பிள்ளைகளைப் போதகராகவும் ஆசிரியராகவும் தயார்செய்த பள்ளி அது. தமிழ் வாசகருக்கு அந்தப் பெயர் ஒரு காரணத்துக்காக நினைவில் இருக்க வேண்டும்: கொழும்பில் 1723இல் பிறந்து, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி, 1759இல் கொழும்பிலேயே அது அச்சேறக் கண்ட பிலிப்பு தெ மெல்லோ அந்தச் செமினரி மாணவர். டியூட்டரி என்று நான் சொன்னது இதைத்தான்.

உள்ளே நடந்தால்

ஒல்லாந்தர் இலங்கையில் கட்டிய நகர வீடுகளுக்கு ஒரு பொது இலக்கணம் உண்டு. காலிக் கோட்டையில் இன்றும் வரிசையாகப் பார்க்கலாம். தெருவோரம் உயர்த்திய விறாந்தை. அதற்குப் பின் முன்கூடம். அதற்கும் பின்னால் பெருங்கூடம், பக்கங்களில் அறைகள். பெருங்கூடத்தின் கதவு பின்விறாந்தைக்குத் திறக்கும். அங்கிருந்து முற்றம். முற்றத்தின் ஓரமாக நீளும் சிறகில் சமையல், களஞ்சியம், வேலைக்காரர் இருப்பிடம். கடைசியில் கிணறும் பின்கதவும். பிரின்ஸ் வீதி வீடு இந்த இலக்கணத்தை மாளிகை அளவுக்குப் பெருக்கி, மேலே ஒரு மாடியும் வைத்துக்கொண்டது.

முன்விறாந்தைக்கு ஒல்லாந்தர் வைத்த பெயர் 'ஸ்தூப்'. சிங்களவர் அதை 'இஸ்தோப்புவ' ஆக்கிவிட்டார்கள். நாம் போர்த்துக்கேயரின் விறாந்தையோடு நின்றுகொண்டோம். பெயர் எதுவானாலும் வேலை ஒன்று: தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு பேச்சுவார்த்தை மேடை. தெரிந்தவர் படியேறுவார், நெருங்கியவர் உள்ளே போவார், மற்றவர் படியிலேயே நின்று விஷயத்தை முடித்துக்கொள்வார். தபால் கந்தோர் வந்தபோது இதே விறாந்தையில் முத்திரைக்கு ஆள் நிற்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தத் தேவையில்லை.

உள்ளே போனதும் பாஸ் செய்த முதல் வேலை, யன்னல் படியில் கையை வைத்துப் பார்த்தது. விரல் நுனியை வெளிச்சுவர் ஓரத்தில் வைத்து முழங்கையை மடக்காமல் நீட்டினார். முழங்கை படியிலேயே கிடந்தது. "ஒரு முழத்துக்கு மேல தம்பி," என்றார். இன்று நாம் கட்டும் சுவர் இதில் பாதிகூட வராது. வாசலைக் கடக்கும்போதே ஓர் அடி நடை சுவருக்குள்ளேயே போகிறது, அந்த இடத்தில் சற்றுக் குளிர்கிறது.

அறைகளைக் கவனித்தால் இரண்டு விஷயம் படும். முதலாவது, நீளம் எவ்வளவானாலும் அகலம் ஒரு வரம்புக்குள்தான். மேல்மாடியின் பலகைத் தளத்தைத் தாங்குவது குறுக்கே கிடக்கும் மரத் துலாக்கள். கிடைக்கும் மரத்தின் நீளம் எவ்வளவோ அதுதான் அறையின் அகலம். அதனால் ஒல்லாந்தக் கட்டடங்களில் அறைகள் ரயில் பெட்டி மாதிரி ஒரு திசையில் ஓடும்.

இரண்டாவதுதான் முக்கியம். நடைவழி என்ற ஒன்றே இந்த வகை வீட்டில் கிடையாது. அறையிலிருந்து அறைக்குக் கதவு, இல்லாவிட்டால் விறாந்தைக்குக் கதவு. ஒவ்வோர் அறைக்கும் இரண்டு மூன்று வாசல். நம் காலத்துப் பிளானில் 'படுக்கையறை 1', 'சாப்பாட்டறை' என்று எழுதியபின் அந்த அறை அந்த வேலைக்கே அடிமை. கட்டில் வைக்கிற சுவர், மின்குமிழ் ஆளி, குளியலறைக் கதவு எல்லாம் அந்தப் பெயருக்கு ஏற்றபடி பூட்டப்பட்டுவிடும். இங்கே அறைகளுக்குப் பெயர் எழுதவில்லை. கட்டில் போட்டால் படுக்கையறை, வாங்கு போட்டால் வகுப்பு, துப்பாக்கி அடுக்கினால் கிடங்கு.

இதைக் கெட்டித்தனம் என்று மட்டும் சொல்லிவிடவும் முடியாது. தனிமை இல்லாத வீடு இது. ஒருவர் அறையைக் கடந்துதான் இன்னொருவர் அறைக்குப் போக வேண்டும். அந்த வீட்டில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் அடிமைகள். ஒல்லாந்தக் கொழும்பின் பணக்கார வீடுகள் அடிமைகளை வைத்துத்தான் ஓடின. கம்பனியின் அடிமைகளை இரவில் அடைத்துவைத்த இடத்தைத்தான் ஆங்கிலத்தில் நெடுங்காலமாக அடிமைத் தீவு என்று சொல்லிவந்தார்கள். நாம் கொம்பனித்தெரு என்று சொல்வதால் அது காதில் படுவதில்லை. வீட்டு அடிமைகளுக்குப் பின்சிறகு. எப்போதும் யாரோ ஒருவர் தண்ணீரோடும் விளக்கோடும் அறைகளைக் கடந்துகொண்டிருந்த வீட்டில், தனிமை என்பது எவரும் கேட்காத சரக்கு. இந்தத் தளவமைப்பின் தாராளத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

மேல்மாடிக்கு மரப்படி. பலகைத் தளத்தில் நடந்தால் கீழே நிற்பவருக்கு உங்கள் போக்குவரத்து முழுதும் கேட்கும். அங்கே காட்சிக்கு வைத்திருக்கும் தளபாடங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தபோது எனக்கு ஒரு விளையாட்டு: எதை எந்தப் பெயரில் சொல்கிறோம்? கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், சாவி எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போனவை. கந்தோரும் கக்கூசும் ஒல்லாந்தர் தந்தவை. வீட்டுக்குள் இருக்கும் சாமான் முந்தியவருடையது, அலுவலகமும் கொல்லைப்புறமும் பிந்தியவருடையது. அதுவும் ஒரு தளவமைப்புத்தான்.

வெயிலும் மழையும்

கொழும்பு பூமத்திய ரேகையிலிருந்து 7 பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலையில். சூடு சுவரை விடக் கூரையில்தான் விழும். அதனால்தான் செங்குத்தாய் எழும் உயரக் கூரை: சூடான காற்று மேலே போய்த் தங்க இடம் வேண்டும். மழையோ ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர். சரிந்த கூரை அந்தத் தண்ணீரை வேகமாக இறக்கி, சுவரிலிருந்து தள்ளி விடுகிறது. முன்பக்கத் தூண்கள் அழகுக்கு மட்டும் நிற்பவை அல்ல. கூரையை வெளியே நீட்டிப் பிடித்து, சுவரைச் சாரலிலிருந்து காப்பவை.

காக்க வேண்டிய சுவர் எது? கபுக் கல். தமிழில் செம்புரைக்கல் என்போம். நிலத்தில் இருக்கும்போது மண்வெட்டியால் வெட்டலாம், காற்றுப் பட்டால் இறுகும். ஆனால் அதன் மேல் பூச்சுப் போய்த் தண்ணீர் இறங்கத் தொடங்கினால் மறுபடி மண்ணாகவே நினைத்துக்கொள்ளும். பவளக்கல்லையும் சிப்பியையும் சுட்டு எடுத்த சுண்ணாம்புதான் இதற்கு உறவுக்காரன். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே விட்டாலும் வெளியேயும் விடும். சீமெந்து விடாது.

இதை நான் காசு கொடுத்துப் படித்தேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பழைய வீட்டின் கபுக் சுவருக்கு, "பலமாக இருக்கட்டும்" என்று சீமெந்துப் பூச்சு எழுதிக் கொடுத்தவன் நான்தான். இரண்டு மழைக்காலம் போனது. தரையிலிருந்து இடுப்பளவுக்குப் பூச்சு அப்பளம் மாதிரிப் பொங்கி, தட்டினால் டொக் டொக் என்றது. உரித்தபோது பின்னால் இருந்தது கல் அல்ல, செம்மண் களி.

1971

தபால் கந்தோராக இருந்த காலத்தில், 1971இன் பருவமழையில், தோட்டப் பக்கச் சுவர் ஒன்று இடிந்து விழுந்தது. கபுக்கின் குணம் தெரிந்தவருக்கு அதில் மர்மம் எதுவும் இல்லை. தெரு முகப்பைப் போலக் கொல்லைப்புறத்தை யாரும் கவனிப்பதில்லை. விழுந்த பிறகு வந்த யோசனைதான் எனக்கு மிகவும் பழக்கமான யோசனை: இடித்துவிட்டு, பல மாடித் தபால் கட்டடம் ஒன்றை எழுப்பலாம்!

எதிர்ப்புக் கிளம்பியது. நெதர்லாந்து அரசு உதவிக்கு வந்தது. 1977இல் தொடங்கிய திருத்த வேலை 1981இல் முடிந்து, 1982இல் நூதனசாலையாகத் திறந்தார்கள். இங்கேயும் தளவமைப்பு கைகொடுத்ததாக நான் நினைக்கிறேன். வரிசையாக ஓடும் பெரிய அறைகள், ஒவ்வொன்றிலும் நுழைய ஒரு வாசல், வெளியேற இன்னொன்று. காட்சிக்கூடம் வேண்டுமென்று புதிதாக வரைந்தாலும் இப்படித்தான் வரைவோம்.

கோட்டைக்குள் நிற்கும் ஒல்லாந்த மருத்துவமனையும் இதே கதைதான் சொல்கிறது. 1681இலேயே இருந்த கட்டடம். அரை மீற்றர்த் தடிப்புச் சுவர், நீண்ட சிறகுகள், நடுவில் இரண்டு முற்றம், சுற்றி விறாந்தை. 1996இல் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் அடிபட்டு, 2011 டிசம்பரில் கடைகளும் உணவகங்களுமாகத் திறந்தது. நோயாளிக் கட்டில் இருந்த இடத்தில் இன்று சாப்பாட்டு மேசை.

நாற்சாரோடு வைத்துப் பார்த்தால்

முற்றமும் கிணறும் இருப்பதால் இதையும் நம் நாற்சார் வீட்டையும் ஒன்றாகப் பேசுபவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு உள்ளே பார்க்கும் வீடு. நாலு பக்கக் கூரையும் நடு முற்றத்துக்குத் தண்ணீரை இறக்கும். முற்றத்தைச் சுற்றித்தான் வாழ்க்கை, தெருவுக்கு ஒரு திண்ணையும் ஒரு கதவும் போதும். வெளியே நிற்பவருக்கு உள்ளே எத்தனை பேர் என்றே தெரியாது. ஒல்லாந்தர் வீடோ இரண்டு முகம் உள்ளது. முன்முகம் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கும், பின்முகம் தோட்டத்தைப் பார்க்கும். முற்றம் நடுவில் இல்லை, வீட்டுக்குப் பின்னால்.

இந்த வித்தியாசம் பாவனை மாறும்போதுதான் தெரியும். நாற்சாரில் நடு முற்றத்தைத் தாண்டாமல் எந்த இடத்துக்கும் போக முடியாது. அந்நியரை உள்ளே விட்டால் முழு வீட்டையும் விட்டதாகும். ஒல்லாந்தர் வீட்டில் முன்பாதியைப் பொதுமக்களுக்குக் கொடுத்துவிட்டுப் பின்பாதியைப் பூட்டிக்கொள்ளலாம். கந்தோராக மாற அதற்குத் தகுதி கூடுதல். கறுவாத் தோட்டத்து ஆங்கிலேயர் கால மாளிகைகளும் மாறியிருக்கின்றன. ரெஜினா வளவு 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரியின் இல்லமாகி, 'கொலேஜ் ஹவுஸ்' என்ற பெயரில் இன்னும் நிற்கிறது. அவை வேறு வகை, வேறு கட்டுரை.

கொட்டாஞ்சேனைக்குத் திரும்பி

பெரியம்மாவின் வீடு மாளிகை அல்ல. ஆங்கிலேயர் காலத்து வீடு, கூரையில் கலிக்கட் ஓடு. ஆனால் அதைக் கட்டியவருக்குப் புறக்கோட்டை வீடுகள் மனதில் இருந்திருக்கின்றன. அதே விறாந்தை, அதே கூடம், அதே இரண்டு முகம். பாஸ் பின்சுவரில் பூச்சு உடைந்த இடத்தில் சாவியால் லேசாகக் கீறினார். செம்மஞ்சள் தூள் கொட்டியது. "கபுக்தான். சீமெந்து கொண்டு வந்தா நான் இல்லை," என்றார்.

அறைகளின் பெயர்களை அழித்துவிட்டு பிளானை மறுபடி கீறினேன். விறாந்தையில் பிள்ளைகள் காத்திருக்கலாம், செருப்பு வைக்கலாம். முன்னறையின் யன்னல் விறாந்தைக்குத் திறப்பதால் அது கந்தோர், யன்னலாலேயே காசு வாங்கலாம். கூடம் பெரிய வகுப்பு. பக்க அறைகள் இரண்டும் சின்ன வகுப்புகள். அவற்றுக்கு நடுவில் இருந்த கதவைப் பெரியம்மா ஓர் அலுமாரியால் மறைத்து வைத்திருந்தார், எத்தனை வருடமோ. அலுமாரியை நகர்த்தியதும் தாழ்ப்பாள் துருவோடு அப்படியே இருந்தது. புதிய கழிவறைகளைப் பின்சிறகின் கடைசிக்குத் தள்ளினேன். ஈர வேலை எதுவும் பிரதான சுவரைத் தொடக்கூடாது என்பது பிரின்ஸ் வீதியில் எடுத்த பாடம். மலக்குழியை மட்டும் கிணற்றிலிருந்து எட்ட வைக்க வேண்டியிருந்தது, அதற்காகப் பின்மதில் ஓரம் ஒரு கொய்யா மரம் போகிறது. பெரியம்மாவுக்கு அதில் இன்னும் கோபம்.

எல்லாம் சரிவந்தது என்று சொல்ல மாட்டேன். சத்தம் பெரிய பிரச்சினை. கதவுகளால் கோத்த அறைகளில் ஒரு பக்கம் கணக்கியல், மறு பக்கம் பௌதிகவியல் நடந்தால் பிள்ளைகள் இரண்டையும் அரைகுறையாகப் படிப்பார்கள். கதவு நிலைகளில் தடித்த கம்பளித் துண்டு ஒட்டலாம், நேர அட்டவணையை மாற்றலாம், அதற்கு மேல் இந்த வீடு இடம் தராது. டியூட்டரிக்காரர் ஒரே நேரத்தில் நூறு பிள்ளைகள் கேட்டார். நான் எழுபது என்றேன். மாடி எழுப்புவதற்கு ஆகும் செலவையும் இந்தத் திருத்தச் செலவையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கமாக எழுதிக் கொடுத்தேன். அவர் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார்.

பாஸ் அதற்காகக் காத்திருக்கவில்லை. யார் வாடகைக்கு வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த மழைக்கு முன் பின்சுவரை மூடியாக வேண்டுமாம். முற்றத்து மூலையில் ஒரு பீப்பாயில் சுண்ணாம்பு ஊறப் போட்டிருக்கிறார். சில வாரமாவது ஊற வேண்டும், மேலே தண்ணீர் வற்றக்கூடாது. ஈரச் சாக்கால் மூடி, மேலே ஒரு பலகை. பெரியம்மா தினமும் காலையில் பலகையைத் தூக்கி, ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மூடுகிறார், தயிர் உறைந்ததா என்று பார்க்கிற மாதிரி.